டாக்டர் லிங்கமும் கட்டுப்போட்ட மாமரமும்

டாக்டர் லிம்முக்கு மாம்பழம் ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு தின்றால் உதடு வீங்கிவிடும். காம்பின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். அவர் இருபது வருடமாக ஆராய்ச்சி செய்துவந்தது மாமரத்தைத்தான். பினாங்கில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு குறை, அவருக்கு இது என்று விட்டுவிட்டோம். ராஜபாளையத்து ஜனங்கள் அப்படி விடவில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் கொண்டுவந்து போடும் இலையையும் பூவையும் காயையும் அளவு மாறாமல் வரைந்து கொடுப்பது என் வேலை. எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் டாக்டர் லிம் என்னையும் இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டு போனது என் ஓவியத்துக்காக அல்ல, என் தமிழுக்காக. அவர் சீனர், தமிழ் தெரியாது. ராஜபாளையத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர், ஐசக் என்று பெயர், அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பள்ளி மைதானத்தில் ஒரு பழைய மாமரம் நிற்கிறது, அதன் கொட்டை ஒன்றை நட்டால் நாலைந்து கன்றுகள் முளைக்கின்றன, ஏன் என்று கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். அந்தப் பக்கத்து மாமரங்களில் அபூர்வம். டாக்டர் லிம் அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. "எங்கள் பிள்ளைகளுக்குத் தாவர விஞ்ஞானி என்றால் யார், என்ன வேலை பார்ப்பார் என்று தெரியாது. தாங்கள் நேரில் வந்து சொன்னால் நன்றாயிருக்கும்." இந்த வரியை அவர் படித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தோம். முகூர்த்த மாதம் என்பதால் ராஜபாளையத்தில் எல்லா லாட்ஜிலும் கல்யாண வீட்டுக்காரர்கள். ஆகவே ஐசக் சார் எங்களை ஒரு ஊர் முன்னாலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிக்கொண்டார். ஒல்லியான மனிதர். கூச்சத்தால் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையிலிருக்கும் பையைப் பார்த்துப் பேசுவார். "வாங்க சார், வாங்கம்மா, பிரயாணம் சௌரியமா இருந்துச்சா?" என்று எங்கள் பைகளை விசாரித்தார்.

லாட்ஜ் மாடியிலிருந்து ஆண்டாள் கோவில் கோபுரம் முழுசாகத் தெரிந்தது. டாக்டர் லிம் அதில் எத்தனை நிலைகள் என்று எண்ணினார். இரண்டு தடவை எண்ணியதில் இரண்டு விடை வந்ததால் மூன்றாவது தடவையும் எண்ணினார். அதற்குள் ஐசக் சார் இலையில் கட்டின பால்கோவா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். டாக்டர் லிம் பால்கோவாவில் ஒரு விள்ளல் வாயில் போட்டார். மீதியை அப்படியே எடுத்துக் காப்பிக்குள் போட்டுக் கரண்டியால் கலக்கிக் குடித்தார். பினாங்கில் கறுப்புக் காப்பியில் டின் பால் ஊற்றிக் குடித்துப் பழகியவர். இதையும் அந்த வகை என்று நினைத்துவிட்டார். கடைக்காரர் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார்.

"பினாங்கு."

"அது இப்ப. பூர்வீகம்?"

எங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அதைச் சொன்னேன். கடைக்காரரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "சாடையப் பாத்தா சாத்தூர்ப் பக்கம் மாதிரி இருக்கு," என்று எனக்கு ஓர் ஊர் கொடுத்தார். புதன்கிழமைக்குள் என்னிடம் ஆறு பூர்வீகங்கள் சேர்ந்துவிட்டன.

காப்பி முடிந்ததும் ஐசக் சார் பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து மேஜையில் வைத்தார். பள்ளிக்குப் புதிதாக அறிவியல் கூடம் கட்டப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை அடிக்கல் நாட்டு விழா. கல்லை நாட்டுபவர்: மலேசியத் தாவர விஞ்ஞானி டாக்டர் லிங்கம்.

"லிம்னுதாம்மா எழுதிக் குடுத்தேன்," என்றார் அழைப்பிதழைப் பார்த்து. "அச்சாபீஸ்ல பேரு பாதியில நின்னு போச்சுன்னு நெனச்சு முடிச்சு வச்சுட்டாங்க. கல்லுலயும் அப்படியே வெட்டியாச்சு."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் லிம் புதிய பெயரை நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். பிடித்திருந்தது போலத் தெரிந்தது. ஐசக் சார் இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், மேஜையைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு நேர்ல பாத்துக்கிடலாம்," என்று எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம். டாக்டர் லிம் எங்கே போனாலும் இலைகளை அழுத்தி உலர்த்துகிற பலகையை எடுத்துக்கொண்டுதான் போவார். இரண்டு மரச் சட்டம், நடுவே அட்டைகள், சுற்றி வார். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "ஆர்மோனியமா சார்? வாசிச்சுக் காட்டுங்களேன்," என்றார். இலை வைப்பது என்று நான் சொன்னேன். "வெத்தலையா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். வன்னியம்பட்டி விலக்கில் பஸ் நின்றுவிட்டது. என்ஜினில் ஏதோ கோளாறு. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கிடந்த அரைமணி நேரத்தில் டாக்டர் லிம் சாலையோரத்தில் ஆறு வகைப் புற்கள் பறித்துப் பலகைக்குள் வைத்துவிட்டார். ஒரு விவசாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அவிய ஊர்ல மாட்டுக்குத் தீவனம் கெடைக்காதோ?"

பள்ளிக்குள் நுழைந்ததும் மரம்தான் முதலில் கண்ணில் பட்டது. அடிமரத்தை நாலு பிள்ளைகள் கைகோத்தால்தான் கட்ட முடியும். கிளைகள் தாழ்ந்து தலையில் இடித்தன. மரம் முழுக்கப் பூ. இலையே தெரியவில்லை. டாக்டர் லிம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் கீழே பார்த்தோம். தரையில் சுண்ணாம்புப் பொடியால் நீளமாக ஒரு கட்டடத்தின் அளவு போட்டிருந்தது. ஒரு கோடு மரத்தின் இந்தப் பக்கம் வரைக்கும் வந்து நின்று, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி புறப்பட்டது.

"வியாழக்கெழம காலையில வெட்டிருவோம்," என்றார் தலைமையாசிரியர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். "வெள்ளிக்கெழம அடிக்கல்."

டாக்டர் லிம் கேட்டார்: "எதற்காக வெட்டுகிறீர்கள்?"

"விஞ்ஞானத்துக்காக," என்றார் தலைமையாசிரியர்.

அவர் கெட்டவர் இல்லை. எங்களை அழைத்துப் போய்ப் பழைய சைக்கிள் கொட்டகையைக் காட்டினார். அதுதான் அப்போதைய அறிவியல் கூடம். கூரைத் தகரத்தில் ஓட்டை. சோதனைக் குழாய்களில் காக்கை எச்சம். "நாலு வருசம் நடையா நடந்து இந்தப் பிளானுக்குக் கையெழுத்து வாங்குனேன் சார். இதுல ஒரு கோட்ட மாத்துனா மறுபடியும் மொதல்லருந்து நடக்கணும். எனக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருசம்தான் இருக்கு." டாக்டர் லிம் காய் பறிக்கும்வரை, மே மாதம் வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டார். தலைமையாசிரியர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வரப்போகிற அதிகாரிக்கு வேறு தேதி கிடையாதாம். ஐசக் சார் இவ்வளவு நேரமும் இலை வைக்கும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தை வெட்டப்போவது தெரிந்துதான் அவர் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அன்று பிற்பகல் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். மைக் செட் கல்யாண வீட்டிலிருந்து கடன் வாங்கியது. அதில் ஒலித்த நாதஸ்வர ரிக்கார்டு பாதியில் நின்று, தலைமையாசிரியரின் வரவேற்புரை தொடங்கியது. பிறகு டாக்டர் லிம் எழுந்தார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"தாவர விஞ்ஞானி செடியைப் பார்ப்பார். பார்த்ததை எண்ணுவார். எண்ணியதை எழுதுவார். மறுநாளும் அதையே செய்வார்."

உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் என் காதோரம் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் நீட்டிச் சொல்லச் சொல்லுங்கம்மா," என்றார். சொன்னேன். டாக்டர் லிம் மறுபடி எழுந்து, "ஞாயிற்றுக்கிழமையும்," என்று சேர்த்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். மாமரத்தில் தேங்காய் காய்க்க வைக்க முடியுமா என்று ஒருவன் கேட்டான். முடியாது என்றார். செடிக்கு ஊசி போட்டிருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை. ராக்கெட்டில் செடி கொண்டுபோயிருக்கிறாரா என்றதற்கு, பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறேன், இன்று காலைகூட, என்றார். அத்தோடு கூட்டம் கலகலத்துப் பேச ஆரம்பித்துவிட்டது. அப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். இரட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன். தங்கமாரி என்று பெயர் சொன்னாள்.

"இந்த மரத்துல எம்புட்டுப் பூக்கொத்து இருக்குன்னு அவிய சொல்லுவாகளா?"

டாக்டர் லிம் அண்ணாந்து பார்த்தார். "தெரியாது," என்றார்.

ஆசிரியர்கள் வரிசையில் ஒரு சங்கடமான அசைவு. மலேசியாவிலிருந்து வந்த டாக்டர் மைக்கில் தெரியாது என்று சொல்வதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளோ பேச்சை நிறுத்திவிட்டார்கள். தெரியாது என்று ஒரு பெரியவர் சொல்லி அடி வாங்காமல் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள் போலும்.

"வெட்டுவதற்குள் எண்ணலாம்," என்றார் டாக்டர் லிம். "எனக்கு ஆள் வேண்டும்."

புதன்கிழமை காலை நாங்கள் போனபோது பிள்ளைகள் எங்களுக்கு முன்னாலேயே மரத்தடியில் இருந்தார்கள். திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பூக்கொத்துக்கும் ஓர் எண். எண்ணை ஒரு துண்டுத் துணியில் எழுதிக் கொத்தின் காம்பில் கட்டவேண்டும். அந்தக் கொத்து அந்தப் பிள்ளையின் பொறுப்பு. அதில் எத்தனை பூ, எத்தனை எறும்பு, எத்தனை பிஞ்சு என்று எண்ணி நோட்டில் எழுதவேண்டும். துணிக்கு எங்கே போவது என்று யோசித்தோம். தங்கமாரி வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பெரிய உருண்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி, கழிவில் வந்தது. வெள்ளை வெளேரென்று மெல்லிசாக இருந்தது. டாக்டர் லிம் அதைத் தடவிப் பார்த்து, இதைவிடப் பொருத்தமான துணி தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்றார்.

அவருடைய உடம்பு விஷயம் தெரிந்ததால் நான் அவரை முழுக்க மூடிவிட்டேன். ரப்பர் கையுறை, நீளக் கை சட்டை, தொப்பிக்குக் கீழே கழுத்து வரைக்கும் அதே பேண்டேஜ் துணி. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. ஏணியில் நின்றுகொண்டு உயரக் கிளைகளுக்கு அவரும் ஐசக் சாரும் துணி கட்டினார்கள். தாழ்ந்த கிளைகளெல்லாம் பிள்ளைகளுக்கு.

முதல் அரைமணி ஒரே கூச்சல். பிறகு கூச்சல் தானாக அடங்கிவிட்டது. இருநூறு பிள்ளைகள் ஆளுக்கொரு பூக்கொத்தின் முன்னால் மூச்சுவிடாமல் உதடசைத்து எண்ணிக்கொண்டு நின்றார்கள். விளையாட்டு ஆசிரியர் இரண்டு தடவை வந்து என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். அமைதி அவருக்குப் பழக்கமில்லை. தங்கமாரிக்கு நாற்பத்தேழாம் எண். எண்ணூறைத் தாண்டியபோது ஒரு தேனீ வந்து உட்கார்ந்ததால் விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் அவளை வரையலாம் என்று பென்சிலை எடுத்தேன். "செத்த நேரம் பேசாம இருங்கக்கா," என்றாள். நான் பேசவே இல்லை.

ஒரு பையன் என்னிடம் வந்து, நாளைக்கு வெட்டப்போகிற மரத்தை இன்றைக்கு எதற்கு எண்ணவேண்டும் என்று கேட்டான். டாக்டர் லிம்மிடம் கேட்டுச் சொன்னேன்: "நாளைக்கு வெட்டிவிட்டால் நாளைக்கு எண்ண முடியாதே." பையன் இதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு திரும்பிப் போனான்.

சுற்றுச் சுவருக்கு வெளியே தெரு. சுவருக்கு மேல் தலைகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் நாலு, பிறகு நாற்பது. "மரத்துக்கு ஆபரேசன் நடக்கு," என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது என் காதில் விழுந்தது. "வெளிநாட்டு டாக்டர். லிங்கம்னு பேரு. கட்டெல்லாம் போட்டுட்டாரு." போய்த் திருத்தியிருக்கலாம். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாலை ஒரு கிளை முறிந்தது. டாக்டர் லிம் விழவில்லை, ஆனால் துணி விலகியிருந்த கன்னத்தில் இரண்டு சொட்டுப் பால் தெறித்தது. உடனே கழுவினோம். ஒன்றும் ஆகாது என்றார்.

வியாழக்கிழமை காலையில் அவர் முகம் இரண்டு முகமாக இருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. உதடு ஒருபக்கம் தொங்கியது. கன்னம் முழுக்கச் சிவந்த கொப்புளம். டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். மாத்திரை கையில் இருக்கிறது, மரத்தை வெட்டுவதற்குள் போகவேண்டும் என்றார். அல்லது அப்படிச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். அந்த உதட்டோடு அவர் பேசியது எந்த மொழியிலும் சேரவில்லை. பஸ்ஸில் நெரிசல். ஆனால் அவரைச் சுற்றி மட்டும் மூன்று சீட் காலியாயிற்று. ஒரு அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். "அம்ம போட்டிருக்கா?" என்று கண்டக்டர் மெதுவாகக் கேட்டார். "மாம்பால்," என்றேன். "எந்த மரம்?" என்றார். பள்ளியின் பெயரைச் சொன்னேன். அப்போதும் என் மூளை வேலை செய்யவில்லை.

பள்ளி வாசலில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனோம். மரத்தில் எங்கள் வெள்ளைத் துணிகளோடு மஞ்சள் துணி, சிவப்புத் துணி, ரிப்பன், வளையல் எல்லாம் தொங்கின. அடிமரத்துக்கு மஞ்சள் பூசி குங்குமம் வைத்து ஒரு சேலை சுற்றியிருந்தது. கீழே உடைத்த தேங்காய்கள். யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டின்மேல் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

மரம் வெட்ட வந்தவர் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். டாக்டர் லிம் உள்ளே வந்ததும் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு மரத்தைப் பார்த்தார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர் தம் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். ஐசக் சார் எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தார்: "மேல கை வச்ச மனுசன அம்மன் ஒரே ராத்திரியில என்ன பண்ணியிருக்கா பாருன்னு சொல்றாரு."

"கை வைக்கவில்லை, எண்தான் கட்டினார்," என்றேன்.

மரம் வெட்ட வந்தவர் கோடாலியைச் சாக்குக்குள் வைத்துச் சுருட்டினார். "நான் புள்ளகுட்டிக்காரன்யா," என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். "எண்ணு கட்டுனவருக்கே இப்படின்னா, எனக்கு என்ன ஆகும்?"

 எனக்குத் தலைமையாசிரியரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாலு வருடம் நடந்த மனிதர்.

எனக்கு டாக்டர் லிம் சந்தோஷப்படுவார் என்று எண்ணம். மரம் தப்பிவிட்டது. அவருக்கோ கோபம். மஞ்சள் தண்ணீர் பட்டுப் பாதி எண்கள் அழிந்திருந்தன. வேண்டுதல் கட்ட வந்தவர்கள் எட்டிய கொத்தையெல்லாம் வளைத்துப் பூவை உதிர்த்திருந்தார்கள். ஒரு நாள் முழுக்க இருநூறு பிள்ளைகள் செய்த வேலை. "என் அம்மாவும் இதேதான் செய்வாள்," என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "ஆலமரத்தடியில், ஆரஞ்சுப் பழத்தோடு. அவளிடமிருந்து தப்பித்து விஞ்ஞானியானேன்."

பிள்ளைகள் கூட்டத்துக்குள் நுழைந்து அவரவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "எம் நூத்திமுப்பதக் காணல." "ஏலே, அது ஏங்கொத்து, விடுலே." தங்கமாரி தன் கொத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதில் ஒரு பெண் சின்னத் தொட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளுக்கு முடிச்சு விழவில்லை.

"யக்கா, இதுல கட்டாதீக," என்றாள் தங்கமாரி. "இது சாமி இல்ல. நாப்பத்தேழு."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "இருக்கட்டும்ட்டி. எனக்குக் கல்யாணம் ஆகி ஒம்பது வருசமாச்சு. நாப்பத்தேழாவது குடுக்கட்டும்."

தங்கமாரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "பூவுல கட்டாதீக, உதுந்துரும். இங்க, காம்புல கட்டுங்க," என்று தானே தொட்டிலை வாங்கி, பூவில் படாமல் தள்ளிக் கட்டிக் கொடுத்தாள். நோட்டைத் திறந்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். பூ, எறும்பு, பிஞ்சு என்று போட்டிருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: தொட்டில், 1.

நான் அந்த நோட்டை டாக்டர் லிம்மிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார். அன்று முழுவதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் எண்ணினார்கள். எங்கள் துணி இத்தனை, வேண்டுதல் துணி இத்தனை, வளையல் இத்தனை, உதிர்ந்த கொத்து இத்தனை. வேண்டுதலுக்கு வந்தவர்களும் பிள்ளைகளிடம் நின்று பதிந்துவிட்டே போனார்கள்.

வெள்ளிக்கிழமை விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்கும் மரத்துக்கும் நடுவே கல் நின்றது. அதில் டாக்டர் லிங்கம் என்று அழகாக வெட்டியிருந்தார்கள். மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தார். வரும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த ஊரில் அவருக்கு இன்னொரு விழா.

தலைமையாசிரியர் எங்களைத் தனியே கூப்பிட்டார். இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. "சார், நான் ஒங்கள ஒன்னே ஒன்னு கேக்கேன். மைக்ல ஒரு வார்த்த சொல்லுங்க. இது சாதாரண மரம், இதுல தெய்வம் கெடையாதுன்னு. நீங்க விஞ்ஞானி. நீங்க சொன்னா கேப்பாங்க. வெட்டுறவரு வெளியிலதான் நிக்காரு." கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் கொட்டகையில பிள்ளைக ஆசிட்டக் கையில புடிச்சுக்கிட்டு ஒழுகல்ல நிக்குதுக சார்," என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் லிம்முக்கு வீக்கம் சற்று வடிந்திருந்தது, பேச முடிந்தது.  மேடைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். என் மனசில் ஒரு கெட்ட எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே இவர் பேசும் ஆங்கிலம் எத்தனை பேருக்குப் புரியும்? இவர் என்ன சொன்னாலும், மரத்தை வெட்டினால் ஊருக்கு ஆகாது என்று நான் தமிழில் சொல்லிவிட்டால் முடிந்தது. மரம் பிழைக்கும். எதிரே பிள்ளைகள் நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததைத்தான் எழுதவேண்டும், ஆசைப்படுவதை எழுதக்கூடாது என்று மூன்று நாளாக என் வாயால்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன்.

டாக்டர் லிம் மைக்கைப் பிடித்தார். "நான் இந்த மரத்தை நான்கு நாள் பார்த்தேன். இதில் தெய்வம் எதையும் நான் பார்க்கவில்லை."

அப்படியே சொன்னேன். பந்தலில் எல்லார் முகமும் கடுத்தது. தலைமையாசிரியரின் தோள் நிம்மதியில் தளர்ந்தது. வாசலில் சாக்கு அவிழ்கிற சத்தம் கேட்டதாக எனக்கு ஒரு பிரமை.

"ஆனால், நான்கு நாளில் ஒரு மாமரத்தைப் பற்றி யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. ஒரு வருடம் காய்க்கும், ஒரு வருடம் காய்க்காது. ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் பத்து வருடமாவது பார்க்கவேண்டும். பார்க்க இங்கே ஆள் இருக்கிறது. அவர்கள் முந்தாநாளே தொடங்கிவிட்டார்கள்."

இதையும் அப்படியே சொன்னேன். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "பத்து வருசத்துல சாமி தன்னக் காட்டிக்கிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு," என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். அதிகாரி என்னிடம், "என்னம்மா, பத்து வருசம்னா சொல்றாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். "அம்புட்டு நாளெல்லாம் நிக்க முடியாது. கல்லத் தூக்கி அந்தா அந்த வாலிபால் கோர்ட் ஓரமா வைங்க. பிளான நான் மாத்திக் கையெழுத்துப் போட்டுக்கிடுதேன்."

தலைமையாசிரியர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வருடமாக மாறாத கோடு அரை நிமிஷத்தில் நாற்பதடி தள்ளிப் போய்விட்டது. அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. விளையாட்டு ஆசிரியர் மட்டும் எழுந்து ஆட்சேபித்தார். யாரும் கேட்கவில்லை.

கல்லை நட்டு, மாலை போட்டு, வடையும் கேசரியும் சாப்பிட்டு முடிந்தபோது தங்கமாரி வந்து நின்றாள்.

"எனக்கு இப்பப் பன்னெண்டு. பத்து வருசமுன்னா இருவத்திரெண்டு. அதுக்குள்ள எங்கயாச்சும் கட்டிக் குடுத்துருவாக. பொறவு யாரு எண்ணுவா?"

நான் சொன்னேன். டாக்டர் லிம் கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார்.  "எண்ணாத வருடத்தின் கட்டத்தைக் காலியாக விடச் சொல்," என்றார். "கற்பனையாக எதையும் எழுதி நிரப்ப வேண்டாம். காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான்."

தங்கமாரி நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நான் காலியா விட மாட்டேன்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் நேராகச் சொன்னாள். அவர் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அன்று மாலையே மதுரைக்குக் கிளம்பினோம். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் கும்பலாக ஏறி, பஸ் முழுக்கப் பேச்சும் பாட்டுமாக இருந்தது. டாக்டர் லிம் ஜன்னலோரத்தில் வீங்கின கன்னத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுதூரம் போன பிறகு திரும்பினார்.

"மேடையில் நான் சொன்னதை அப்படியே சொன்னாயா?"

"அப்படியேதான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை."

அவர் பெருமூச்சு விட்டார். "தெய்வம் இல்லை என்றபோது அந்தக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நீ கொஞ்சம் பொய் சேர்த்துச் சமாளித்துவிடுவாய் என்று நம்பித்தான் அந்த வரியைச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. "பார்த்ததை மட்டும்தான் எழுதவேண்டும் என்று நீங்கள்தானே மூன்று நாளாகச் சொன்னீர்கள்?"

"அது பிள்ளைகளுக்கு," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனார்.